பில் அவர் பெயரில், நாய் உங்கள் காலடியில்

தங்கச்சி, உங்கள் நிலைமையை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கலியாணமாகி எட்டு வருடம். வெள்ளவத்தையில் கணவரின் பெற்றோருடைய தொடர்மாடி வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறீர்கள். ஏழு வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு லாப்ரடோர், மாடிப்படியில் குட்டியாகக் கிடந்து வீட்டுக்குள் வந்த ஒரு கடுவன் பூனை. பிரிவதென்று இருவரும் முடிவெடுத்துவிட்டீர்கள். மகள் உங்களோடு வத்தளைக்கு, அம்மா வீட்டுக்கு வருவதில் சண்டை இல்லை. சண்டை முழுவதும் நாயைப் பற்றித்தான். "நான் வாங்கினது, பில் என்னட்டை இருக்கு" என்கிறார் அவர். "ஆறு வருசமா சோறு வச்சது நான்" என்கிறீர்கள் நீங்கள். கோர்ட்டில் கேட்டால் யாருக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் பேசத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் வீட்டில் நாய் இல்லாத காலமே இருந்ததில்லை. இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: கோர்ட்டில் கேட்டால் பில் வைத்திருப்பவர் பக்கம்தான் சாயும். ஆனால் நாய் உங்களோடுதான் வர வேண்டும். ஆகவே இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல், அவரே கையெழுத்து வைத்துத் தருகிற மாதிரிப் பேசி முடியுங்கள். அது முடியாத காரியமல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நமது பொதுச் சட்டத்தின் அடி உரோமன் டச்சுச் சட்டம். அதில் மிருகம் என்பது அசையும் சொத்து. ஃபிரிட்ஜ், சோபா, மோட்டார் சைக்கிள் என்று எழுதிக்கொண்டு போகும் பட்டியலில்தான் உங்கள் லாப்ரடோரும் வரும். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நீதிபதி பிள்ளையின் நலனைப் பார்ப்பார். நாய்க்கு அப்படி ஒரு வாசல் திறக்கப்படவில்லை. அது யாருடையது என்பதோடு கேள்வி முடிந்துவிடும். புருஷன் பெண்சாதி உடைமையெல்லாம் கலியாணத்தோடு பொதுவாகிவிடும் என்ற பழைய முறையையும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நீக்கிவிட்டது. எனவே கலியாணத்துக்குப் பிறகு வாங்கியது என்றாலும், அவர் தன் காசில் வாங்கியது அவருடையது என்றுதான் வாதம் தொடங்கும்.

இருவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்பதால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை உதவுமா என்று உங்கள் அப்பா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தேசவழமையில் தேடியதேட்டம் என்று ஒன்று இருக்கிறது. மணவாழ்க்கைக் காலத்தில் பெறுமதி கொடுத்துத் தேடிய சொத்து அதில் வரும், சம்பளக் காசில் வாங்கிய நாயும் அதில் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மற்றவருக்குள்ள பங்கு எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பது பெரிய வழக்குகளில் பேசப்பட்ட சிக்கலான விஷயம். காணி, வீடு என்றால் அந்தச் சிக்கலுக்குள் இறங்கலாம். நாய்க்காக இறங்கினால் வழக்கு முடிவதற்குள் நாய் கிழடாகிவிடும். வென்றாலும் கிடைப்பது பாதிப் பங்கு. பாதி நாயை என்ன செய்வீர்கள்?

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். "அவரிலைதானே பிழை, அப்ப நாய் எனக்குத்தானே?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நமது விவாகரத்துச் சட்டம் பிழை பார்க்கும் சட்டம் என்பது உண்மைதான். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இருப்பவை மூன்று காரணங்கள்: பிறருடன் தகாத உறவு, கெடுநோக்கோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவருக்கும் சம்மதம் என்பது அந்த மூன்றில் இல்லை. அதனால்தான் பேசிப் பிரிகிறவர்களும் ஒருவர் மற்றவரைக் கைவிட்டதாக வழக்கு வைத்து, மற்றவர் எதிர்க்காமல் விடுவது நடைமுறையாகிவிட்டது. பிழை யாரில் என்பது ஒரு கேள்வி, நாய் யாருடையது என்பது வேறொரு கேள்வி. முதலாவதை வைத்து இரண்டாவதை வெல்லலாம் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குட்டியை உங்கள் பிறந்தநாளுக்கென்று சொல்லித்தான் தந்தாரா? அந்த நாளின் படமோ வாட்ஸப் செய்தியோ இருந்தால் அது அன்பளிப்பு. கையில் கொடுத்த அன்பளிப்பு கொடுக்கப்பட்டவருடையது, கடைக்குக் காசு கொடுத்தது யாராக இருந்தாலும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கொழும்பில் பதிந்து வைத்திருப்பவர்கள் குறைவு, ஆனால் பதிந்திருந்தால் அந்தத் துண்டும் ஒரு சாட்சி. மிருக வைத்தியரின் பற்றுச்சீட்டுகள், மைக்ரோசிப் போட்டிருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். இவை பில்லை அடித்துவிடும் என்று சொல்லமாட்டேன். பேச்சுவார்த்தையில் உங்கள் சொல்லுக்குப் பாரம் சேர்க்கும்.

வேறு நாடுகள் இதைத் தாண்டிப் போய்விட்டன. சுவிட்சர்லாந்தில் 2003இலிருந்து, வீட்டு மிருகம் பற்றிய தகராறில் அதை நன்றாக வைத்திருக்கக்கூடியவருக்கு நீதிபதி கொடுக்கலாம். கலிபோர்னியாவில் 2019 தொடக்கம் விவாகரத்து வழக்கில் மிருகத்தின் பராமரிப்பைக் கணக்கில் எடுக்கலாம். ஸ்பெயினில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மிருகங்களை உணர்வுள்ள உயிர்கள் என்று சொல்லி, பிரியும் தம்பதியரிடையே அவற்றின் பொறுப்பைத் தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் இருக்கும் நமது நீதிபதிக்கு அந்தச் சட்டங்கள் உதவாது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியை நாம் கேட்பதை யாரும் தடுக்கவில்லை: இந்த மிருகம் யாரோடு நன்றாக இருக்கும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அவர்களுடைய பொமரேனியனுக்கு வலிப்பு. நாயை வாங்கியது மனைவி. பில், வம்சப் பத்திரம், படங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தா. கணவர் கொண்டுவந்தது ஒரு பழைய டொபி டின். அதற்குள் மாத்திரை அட்டை, மாத்திரையை வெட்டும் பிளேட், பென்சிலால் கட்டம் போட்ட ஒரு கொப்பித் தாள். நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணித்தியால இடைவெளி. காலை மாத்திரை எத்தனை மணிக்கு என்று இருவரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டேன். "ஆறு மணிக்கு" என்றா மனைவி. அவர் மெல்லச் சொன்னார்: "ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு ரயில் போகும். அந்தச் சத்தத்திலை துப்பிப்போடும்." கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு அவர்களுடையது. அவ கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவருடைய பக்கம் தள்ளி வைத்தா. அழுதா, ஆனால் வாதாடவில்லை. அந்த வழக்கில் நாய் பற்றி நான் எழுத வேண்டி வந்தது நான்கு வரி.

அன்றிலிருந்து நாய் பூனைத் தகராறோடு வருகிறவர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். ஆளுக்கொரு தாள் எடுத்து, தனித்தனியாக இருந்து, நாயின் ஒரு கிழமையை எழுதுங்கள். திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. எத்தனை மணிக்கு எழும்பும், யார் வெளியே கூட்டிப்போவது, என்ன தீன், யார் வைப்பது, கடைசியாக உண்ணி மருந்து கொடுத்த தேதி என்ன, வெடிச் சத்தம் கேட்டால் எங்கே ஒளியும். கொழும்பில் உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடிய நோய், அந்தத் தேதி தெரியாதவர் நாயைப் பார்த்தவரல்ல. 2022இல் இறக்குமதித் தீன் விலை எகிறி, கடைத் தட்டுகள் வெறுமையானபோது குறுணல் அரிசியும் சூடை மீனும் அவித்தது யார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது.

உங்கள் விஷயத்தில் அந்தத் தாள் என்ன சொல்லும் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. அவர் காலை ஏழுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறார். மாமா மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது கிலோ லாப்ரடோரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை லிஃப்டில் ஏற்றி இறக்க அவர்களால் முடியாது, பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார்கள். வத்தளையில் முற்றம் இருக்கிறது, அம்மா பகலில் வீட்டில் இருக்கிறா. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மகள். அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதை அந்தப் பிள்ளை இழக்கப்போகிறது. அதே கிழமையில் தன் கட்டில் காலடியில் படுக்கும் நாயையும் இழக்க வைக்க வேண்டாம். இதை நான் ஒரு வாதமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மகள் மேல் பாசம் இருக்கிறது, அவரிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

ஞாயிறு காலையில் மரீன் டிரைவில் நாயைக் கூட்டிப்போவது அவர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சண்டைக்கு நடுவிலும் அந்த ஒரு வரியை மறைக்காமல் எழுதிய உங்களை மதிக்கிறேன். அவருக்கும் அந்த நாய் மேல் அன்பு உண்டு. அவர் பில்லைத் தூக்கிப் பிடிப்பது நாயைக் காட்டி உங்களை மிரட்ட அல்ல, வீடு காலியாகப்போகிற பயத்தில் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரிடமிருந்து எடுக்காதீர்கள். மகள் அப்பாவைப் பார்க்கப் போகும் நாளில் நாயும் கூடப் போகட்டும், மாலையில் மகளோடு திரும்பி வரட்டும். நாயின் கால அட்டவணை பிள்ளையின் கால அட்டவணையோடு ஓடினால் குழப்பம் குறைவு.

ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கேட்க நியாயமாக இருக்கும். இரண்டு வீட்டுத் தீன், இரண்டு வீட்டு நேரம். உண்ணி மாத்திரை அவர் கொடுத்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் கொடுத்திருப்பீர்கள் என்று அவரும் இருக்க, மாதம் போய்விடும். அல்லது இருவரும் கொடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு கைமாற்றமும் வாசலில் ஒரு சந்திப்பு, புண் ஆறாத காலத்தில் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சண்டைக்கு இடம். நாய்க்குத் தேவை நாள்தோறும் அதே நேரத்தில் அதே ஆள்.

இப்போது எழுத்து வேலை. அவர் கொடுத்த விலையைத் திருப்பித் தர முன்வாருங்கள். வாங்கினால் பற்றுச்சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்பார் என்று நினைக்கிறேன், அப்போது நாயை உங்களுக்கு அன்பளிப்பாகத் தருவதாக எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். பில்லின் பலம் அந்த இடத்தில் முடிந்தது. பிறகு உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லி, பிள்ளைச் செலவு, நகை, தளபாடம் பற்றிய உடன்பாட்டு நிபந்தனைகளோடு இதையும் வழக்கேட்டில் பதியச் சொல்லுங்கள். தீர்ப்பு இரண்டு படியாக வரும்: முதலில் தற்காலிகத் தீர்ப்பு, அதிலிருந்து மூன்று மாதம் கழித்து முழுத் தீர்ப்பு. எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முழுத் தீர்ப்பு வந்த பின் உட்கார்ந்து பேச யாருக்கும் மனம் இருக்காது.

அந்த நிபந்தனையில் உரிமை உங்களுடையது என்பது தெளிவாக ஒரு வரியில் வர வேண்டும். வருடாந்தத் தடுப்பூசியும் அன்றாடச் செலவும் உங்கள் பொறுப்பு, சத்திரசிகிச்சை போன்ற பெரிய செலவு வந்தால் எந்த விகிதத்தில் பகிர்வது என்பதையும் எழுதுங்கள். அவர் பங்கு தராவிட்டாலும் நாய் உங்களுடையதே என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பங்கு நாளைக்கு ஒரு பிடியாகிவிடும். உங்களால் ஒரு நாள் வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்க முன் அவரிடம் கேட்பதாக எழுதுங்கள். நாய்க்குக் கடும் நோய் என்றால் அன்றைக்கே மற்றவருக்கு அறிவிப்பதாகவும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரியை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தன் நாய் செத்ததை மூன்று மாதம் கழித்து ஊரார் வாயால் கேட்ட ஒரு மனிதர் என் அறையில் நின்ற கோலம் எனக்கு மறக்காது.

வெளிநாடு பற்றியும் ஒரு வரி வேண்டும். லண்டனில் அக்கா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நீங்களும் பிள்ளையும் போகக்கூடும். இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு நாய் கொண்டுபோக மைக்ரோசிப் போட்டு, பிறகு விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றி, அதற்கு முப்பது நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நான்கு மாதத்துக்குக் குறையாது. விசா வந்த கிழமையில் யோசித்தால் நாய் இங்கேதான் நிற்கும். போவதென்றால் ஆறு மாதம் முன்பே அவருக்குச் சொல்வதாக எழுதினால் இருவருக்கும் நல்லது.

உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதே நிலையில் வேறு பெண்களும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். "நீ போனால் நாயைக் கொன்றுபோடுவேன்" என்று சொல்கிற ஆளோடு இந்தத் தாள், கொப்பி, பேச்சுவார்த்தை எதுவும் வேண்டாம். மிருக வதைக்கான 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் 100 ரூபாய், அதை நம்பி இருக்க முடியாது. ஆனால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறையாகப் பார்க்கிறது. நாயை வைத்து மிரட்டியதை நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். வெளியேறும் நாளுக்கு முன்பே நாயை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் விட்டுவிடுங்கள். நாயை விட்டுப் போக மனமில்லாமல் அடி வாங்கிக்கொண்டு நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் பூனை. அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்குக் கவலை அதில்தான். நாய் ஆளோடு ஒட்டும், பூனை இடத்தோடு ஒட்டும். அந்தக் கடுவன் ஐந்து வருடமாகக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசி வைத்திருப்பது அந்த வெள்ளவத்தை வீட்டின் கதவு நிலைகளில். வத்தளைக்குக் கொண்டுபோனால் மூன்று நான்கு கிழமை ஒரு அறைக்குள் பூட்டி வைக்க வேண்டும், திறந்து விட்டால் பழைய வீட்டைத் தேடி நீர்கொழும்பு வீதியில் ஏறிவிடும். அதற்குச் சோறு வைப்பது மாமிதான் என்கிறீர்கள். அப்படியென்றால் பூனை மாமியோடு நிற்கட்டும். ஆளும் இடமும் மாறாமல் இருக்கும், அந்த வயதில் மாமிக்கும் வீட்டுக்குள் ஓர் உயிர் நடமாடும்.

ஒன்றை மட்டும் மாமியிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் ஆட்கள் குறைந்து, நாய் போய், ஓசை மாறும்போது கடுவன் பூனைகளுக்கு மன அழுத்தத்தில் சிறுநீர் அடைப்பதுண்டு. மணல் தட்டில் ஏறி ஏறி முக்கும், ஒன்றும் வராது, கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. விடியட்டும் என்று இருந்தால் செத்துப்போகும், அந்த இரவே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வைத்தியரின் நம்பரை மாமியின் ஃபோனில் நீங்களே பதிந்து, ஒரு தடவை அழைத்தும் காட்டிவிட்டு வாருங்கள்.